மாட்டுக்கு ஆகாத சோறு தொட்டிக்கும் ஆகாது

கேள்வி: சாண எரிவாயுத் தொட்டி நான்கு மாதம் நன்றாக எரிந்தது. கல்யாண மண்டபத்துச் சோற்றைப் போடத் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் டிரம் மேலே ஏறுகிறது, ஆனால் அடுப்பு பற்றவில்லை. தொட்டியைக் காப்பாற்ற வழி உண்டா, மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டியதுதானா?
- ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம் வட்டம்

கடிதம் நான்கு பக்கம் நீள்கிறது. சாலையோரம் சின்னதாக ஒரு இட்லிக் கடை, வீட்டில் இரண்டு கறவை மாடுகள். மகளிர் குழுவில் கடன் எடுத்து 2 கன மீட்டர் அளவில் மிதக்கும் டிரம் வைத்த தொட்டி போட்டிருக்கிறார். தினமும் 25 கிலோ சாணம், கடையில் மிஞ்சும் இட்லி, சோறு, காய்த்தோல் ஒரு 4 கிலோ. அதில் ஓர் அடுப்பு மூன்று மணி நேரம் எரிந்திருக்கிறது. காலை இட்லி வேக அதுவே போதுமாக இருந்ததாம். ஆவணி முகூர்த்தம் வந்ததும் பக்கத்து மண்டபத்துக்காரர், 'சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சோறும் சாம்பாரும் பாயசமுமாக அண்டாவில் கொடுத்திருக்கிறார். நாளுக்கு 40 கிலோ வரை உள்ளே போயிருக்கிறது. இப்போது தொட்டியிலிருந்து புளித்த கஞ்சி நாற்றம். கணவர் வரும் ஞாயிற்றுக்கிழமை ஏணி வைத்து உள்ளே இறங்கி அள்ளிக் கொட்டிவிடப் போகிறார் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது.

அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில். தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. டிரம்மைத் தூக்கி வைத்துவிட்டாலும், நாலு நாள் திறந்து போட்டிருந்தாலும், இடுப்பில் கயிறு கட்டியிருந்தாலும் கூடாது. உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்காது. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கி நிற்கும். அதோடு ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவும் கலந்திருக்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, 'நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்' என்று தோன்றும். மேலே கிடக்கும் வண்டலைக் கிளறும்போதுதான் அது மொத்தமாகக் கிளம்புகிறது. முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போன இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்தே இறந்த சம்பவங்கள் நாட்டில் பல நடந்திருக்கின்றன. அள்ள வேண்டுமானால் மேலே நின்றபடி சேற்று மோட்டார் போட்டு இறைக்கலாம், நீளக் கம்பில் வாளி கட்டி எடுக்கலாம். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

இனி தொட்டி. அது சாகவில்லை, அதற்கு வயிற்றுக் கோளாறு. மாடு வளர்ப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பொங்கலுக்கு மறுநாளும் கோயில் கொடைக்கு மறுநாளும் கால்நடை மருத்துவமனையில் வரிசையில் நிற்கும் மாடுகளைப் பார்த்தாலே புரியும். வைக்கோலும் புல்லும் தின்று பழகிய மாடு ஒரே நாளில் ஐந்தாறு கிலோ சோறும் பொங்கலும் தின்றுவிட்டால், அது வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடுகிறது. நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தில் செத்துப்போகின்றன. அசை போடுவது நிற்கிறது, மாடு படுத்துவிடுகிறது.

தொட்டியிலும் நடப்பது இதேதான், ஏனென்றால் அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர்கள் மாட்டு வயிற்றிலிருந்து சாணத்தோடு வந்தவைதான். அவற்றில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று சோற்றையும் மாவையும் அமிலமாக்குகிறது. இந்தக் கூட்டம் சில மணி நேரத்திலேயே இரட்டிப்பாகும். இன்னொன்று அந்த அமிலத்தைத் தின்று எரியும் வாயுவான மீத்தேனாக மாற்றுகிறது. இது பெருகச் சில நாட்கள் ஆகும், அமிலம் கூடினால் வேலையை நிறுத்திவிடும். 40 கிலோ சோறு விழுந்ததும் முதல் கூட்டம் அமிலத்தைக் கொட்டிக் குவித்தது, இரண்டாவது கூட்டத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. அமிலம் உண்டாகும்போது கரியமில வாயுவும் நிறைய வரும். டிரம் ஏறுவது அதனால்தான். ஆனால் கரியமில வாயு எரியாது. நல்ல தொட்டி வாயுவில் 55 முதல் 65 சதவிகிதம் மீத்தேன் இருக்கும். பாதிக்குக் கீழே இறங்கினால் சுடர் நிற்காது.

சரி, எப்படிக் காப்பாற்றுவது? மருந்துக் கடையிலோ ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையிலோ பி.எச் தாள் கிடைக்கும். நிறம் மாறுவதை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வெளியேறும் கரைசலை நனைத்துப் பார்த்தால் நல்ல தொட்டியில் 6.8 முதல் 7.5-க்குள் காட்டும். இந்த வாசகியின் தொட்டி அநேகமாக 6-க்குக் கீழே இருக்கும், நாற்றத்தை வைத்தே சொல்லலாம்.

முதல் நான்கு நாள் உள்ளே எதுவும் போடக் கூடாது, சாணம்கூட வேண்டாம். டிரம்மில் நிற்கும் வாயுவை வெட்டவெளியில் குழாய் வழியாகத் திறந்துவிட வேண்டும். அப்போது அந்தப் பக்கம் அடுப்பு, பீடி, விளக்கு எதுவும் இருக்கக் கூடாது. எரியாத வாயு என்று நினைத்தாலும் அதில் கொஞ்சம் மீத்தேன் இருக்கும்.

தாள் 6-க்கும் 6.5-க்கும் இடையே காட்டினால் பட்டினி மட்டுமே போதும், ஒன்றிரண்டு வாரத்தில் தானாகத் தெளியும். 6-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு வேண்டும். கிளிஞ்சலையோ கல் சுண்ணாம்பையோ அப்படியே போடக் கூடாது. முன்பே நீற்றி ஆறிய சுண்ணாம்பில் கால் கிலோ எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, கண்ணில் தெறிக்காமல் ஊற்றி, நீளக் கம்பால் கலக்கிவிட வேண்டும். மறுநாள் தாளைப் பார்த்த பிறகுதான் அடுத்த கால் கிலோ. 7-ஐத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் ஐந்து கிலோ கொட்டினால் இந்தப் பக்கம் புளிப்பு போய் அந்தப் பக்கம் காரமாகிவிடும், மிச்சமிருக்கும் நுண்ணுயிரும் போகும். சமையல் சோடா இதைவிட மென்மையாக வேலை செய்யும், விலைதான் கூடுதல்.

அடுத்தது உறை. பாலுக்கு மோர் உறை ஊற்றுவதுபோல, நன்றாக எரியும் இன்னொரு தொட்டியிலிருந்து வெளிவரும் கரைசல் 50 முதல் 100 லிட்டர் வாங்கி அன்றைக்கே ஊற்றினால், பல வாரம் ஆக வேண்டிய வேலை பாதியாகக் குறையும். கேனில் கொண்டுவரும்போது மூடியை இறுக்கக் கூடாது, வழியிலும் வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும். பிறகு 10 கிலோ சாணத்தை அதே அளவு தண்ணீரில் கரைத்து ஒரு வாரம், அதன்பின் பழையபடி 25 கிலோ. சுடர் நீலமாக, அணையாமல் நின்ற பிறகுதான் சோற்றைப் பற்றி நினைக்க வேண்டும். மூன்று வாரமாகியும் தாள் ஏறவில்லை என்றால் மேலே நின்று மோட்டாரில் பாதியை இறைத்து எரு மேட்டில் விட்டு, புதுச் சாணக் கரைசலும் உறையும் ஊற்றித் தொடங்கலாம். மண்ணைப் போட்டு மூடினால் தொட்டிதான் மூடும், குழுவில் வாங்கிய கடன் மூடாது.

மண்டபத்துச் சோற்றை விட்டுவிடவும் தேவையில்லை. ஒரு கிலோ சாணம் சுமார் 40 லிட்டர் வாயு தரும். ஒரு கிலோ சோறோ காய்கறிக் கழிவோ ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு தரும். காரணம் எளிது. தீவனத்தில் இருந்த நல்ல சத்தை மாடு எடுத்துக்கொண்ட மிச்சம்தான் சாணம், சோற்றில் அந்தச் சத்து அப்படியே இருக்கிறது. புளிக்க வைப்பதும் அதே சத்துதான். ஆகவே சாணத்தின் எடையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சோறு போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். 25 கிலோ சாணத்துக்கு 6 கிலோ. அதையும் முதல் வாரம் 1 கிலோ, அடுத்த வாரம் 2 கிலோ என்றுதான் ஏற்ற வேண்டும். கையால் பிசைந்தோ அரைத்தோ தண்ணீரில் கரைத்து, காலையில் பாதி, மாலையில் பாதி ஊற்றலாம். சாணம், சோறு, தண்ணீர் எல்லாம் சேர்த்து இந்தத் தொட்டிக்கு நாளுக்கு 100 லிட்டரைத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டு வெயிலுக்கு உள்ளே போனது செரித்து வர 30 நாள் வேண்டும். கூடுதலாக ஊற்றினால் அரைகுறையாகவே வெளியே தள்ளிவிடும்.

மண்டபத்தில் மூடி போட்ட வாளி ஒன்றைக் கொடுத்து, வெறும் சோறும் காயும் மட்டும் கேட்டு வாங்குவது நல்லது. இலை, பேப்பர் கப், எலும்பு, எலுமிச்சைத் தோல் எல்லாம் கலந்த அண்டாவை வாங்கிவந்து பிரிக்க ஆரம்பித்தால் இட்லிக் கடையை யார் பார்ப்பது? வாழை இலை நார் மேலே மிதந்து ஆடையாகக் கட்டிக்கொள்ளும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ள எண்ணெய் நுண்ணுயிருக்கு ஆகாது. பாயசம் எல்லாவற்றையும்விட வேகமாகப் புளிக்கும், அதை ஒரு கிலோவுக்கு மேல் சேர்க்க வேண்டாம். மிஞ்சும் 30 கிலோவை வீணாகிறதே என்று மாட்டுக்கு வைத்துவிடவும் கூடாது, தொட்டிக்கு வந்த நோய் தொழுவத்துக்கு வரும். அதை எரு மேட்டில் சருகோடு கலந்து போடலாம்.

கேள்வி: மாடு கிடையாது. வீட்டுச் சமையல் கழிவை மட்டும் வைத்தே சிலிண்டர் இல்லாமல் சமைக்கலாம் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். உண்மையா?
- ஒரு வாசகர், ஆலங்குடி

கணக்குப் போட்டுப் பார்த்தால் விற்பனையாளர் சொல்லாத பாதி தெரிந்துவிடும். நாலு பேர் உள்ள கிராமத்து வீட்டில் சோறு, குழம்பு, காய்த்தோல், கழுவிய மாவுத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஒன்று, ஒன்றரை கிலோ தேறினால் அதிகம். கிராமத்தில் சோறு அவ்வளவாக வீணாவதும் இல்லை. கோழியும் நாயும் போக மிஞ்சுவதுதான் கணக்கு. அதிலிருந்து 100 லிட்டர் சுற்றி வாயு வரும். சாண எரிவாயு அடுப்பு ஒன்று மணிக்கு சுமார் 450 லிட்டர் எடுக்கும். சிறு அடுப்பானால் அதில் பாதி. ஆக, கால் மணி முதல் அரை மணி நேரம். காலையில் பால் காய்ச்சி டீ போடலாம். சோறு, குழம்புக்கு சிலிண்டர் வேண்டும்தான்.

ஒரு கன மீட்டர் சாண எரிவாயு சுமார் 430 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம். நாளுக்கு ஒரு கன மீட்டர் கிடைத்தால் மாதம் ஒரு சிலிண்டர் கிட்டத்தட்ட மிச்சம். அதற்கு 12 கிலோவுக்குக் குறையாமல் உணவுக் கழிவு தினமும் வேண்டும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, வீட்டில் என்ன மிஞ்சுகிறது என்பதல்ல. நடந்து போகிற தூரத்தில் டீக்கடை, மெஸ், காய்கறிக் கடை, மாவு மில், சத்துணவுக் கூடம் எதிலாவது வருடம் முழுக்க 10 கிலோ உறுதியாகக் கிடைக்குமா என்பதுதான். கிடைத்தால் தாராளமாகப் போடலாம். முகூர்த்த மாதத்தில் மட்டும் கிடைத்தால், மற்ற மாதங்களில் தொட்டி பட்டினி.

மாடு இல்லாமல் நடக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். புனேயில் இயங்கும் 'ஆர்த்தி' என்ற கிராமத் தொழில்நுட்ப நிறுவனம், பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று கவிழ்த்து, மாவுச்சத்துக் கழிவில் ஓடும் சிறு கலனை உருவாக்கியது. 2006-ல் அதற்கு ஆஷ்டன் விருது கிடைத்தது. ஆனால் அதற்கும் முதல் நாள் உறையாகச் சாணக் கரைசல் வேண்டும். அதன்பின் மாதம் ஒருமுறை ஒரு வாளிச் சாணம் கரைத்து ஊற்றினால் புளிப்பு ஏறாமல் காக்கும். ஊசி மருந்து போட்ட மாட்டுச் சாணத்தை அதற்கு எடுக்கக் கூடாது. பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரும் பினாயிலும் தொட்டிக்குப் போகவே கூடாது.

கேள்வி: மழைக்காலத்தில் சுடர் துடித்துத் துடித்து அணைகிறது. வாயு குறைந்துவிட்டதா?
- ஒரு வாசகி, பேராவூரணி

வாயு குறையவில்லை, குழாயில் தண்ணீர். வாயுவோடு வரும் ஈரம் குளிர்ந்த குழாயில் நீராகித் தாழ்வான இடத்தில் தேங்குகிறது. குழாயைத் தொட்டியை நோக்கிச் சரிவாக அமைக்க வேண்டும். முடியாத இடத்தில் மிகத் தாழ்வான புள்ளியில் 'டி' இணைப்பும் திறப்பானும் வைத்து வாரம் ஒருமுறை திறந்து நீரை வடிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

கேள்வி: ஊராட்சிக் குப்பையை எரித்துக் கரண்ட் எடுக்கலாம், வெந்நீர் போடலாம் என்று ஒருவர் திட்டம் கொண்டுவந்திருக்கிறார். சேர்ந்து வரும் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம். நம்பலாமா?
- ஓர் ஊராட்சி வார்டு உறுப்பினர், மணப்பாறை பகுதி

இந்தக் கேள்விக்கு டெல்லி ஒருமுறை விலை கொடுத்துப் பதில் தெரிந்துகொண்டது. 1987-ல் திமார்ப்பூரில் நாளுக்கு 300 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்க டென்மார்க் தொழில்நுட்பத்தில் ஓர் ஆலை கட்டினார்கள். சோதனை ஓட்டத்திலேயே நின்றுபோனது. குப்பையில் சோறும் காயும் மண்ணும்தான் அதிகம், எரிப்பதற்குச் சூடு போதவில்லை. டீசல் ஊற்றி எரிக்க வேண்டிவந்தால் எதற்கு ஆலை? அங்கே காகிதமும் மரமும் கலந்த குப்பைக்குச் செய்த கணக்கு இங்கே பொருந்தவில்லை.

ஈரமானது தொட்டிக்கு, காய்ந்தது அடுப்புக்கு. பிரிப்பது வாசலிலேயே நடக்க வேண்டும், ஊர்க் கோடியில் கொட்டிய பிறகு அல்ல. இந்தூர் நகரம் அதைச் செய்ததால்தான் 2022 பிப்ரவரியில் தொடங்கிய அதன் ஆலை நாளுக்கு 550 டன் ஈரக் கழிவைச் செரிக்கவும், 17 டன் வாகன வாயு எடுக்கவும் திட்டமிட முடிந்தது. ஊராட்சி அளவில் தூய்மைக் காவலர்கள் வீடு வீடாக இரண்டு வாளியில் வாங்கினால், ஈரக் கழிவில் சத்துணவுக் கூட அடுப்பு ஒன்று எரியும் அளவுக்காவது தொட்டி போடலாம்.

எரிப்பதற்கு என்று ஊரில் நல்ல பொருட்கள் இருக்கின்றன. தேங்காய்ச் சிரட்டை, மட்டை, கடலைத் தோல், சவுக்கு மிலார், காய்ந்த கரும்புச் சக்கை. ஈரச் சக்கையில் பாதி எடை தண்ணீர், அதை ஆவியாக்கவே சூடு போய்விடும். இரண்டு வாரம் பரப்பிக் காயவைத்தால் அதே சக்கை நன்றாக எரியும். பிளாஸ்டிக் பை, பழைய வயர், டயர் ஆகியவற்றை அடுப்பிலோ பாய்லரிலோ போடுவதற்கு மட்டும் தீர்மானம் வந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் டையாக்சின் நஞ்சும் வரும். டையாக்சின் மேய்ச்சல் நிலத்தில் படிந்து பாலில் சேரும்.

கேள்வி: தொட்டியிலிருந்து வரும் கழிவுக் கரைசலைக் கீரைக்கு அப்படியே ஊற்றலாமா?
- ஒரு வாசகர், பண்ருட்டி

சாணம் மட்டும் போட்ட தொட்டி என்றால், பாசன நீரில் கலந்து விடலாம். கீரைக்கு மேலே தெளிக்காமல் வேருக்கு விட வேண்டும். அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். எரு மேட்டில் காய்ந்த சாணத்தைவிடத் தழைச்சத்து இதில் வீணாகாமல் நிற்கிறது. ஆனால் அந்தச் சத்து அம்மோனியாவாக இருப்பதால் வெயிலில் திறந்து வைத்தால் ஆவியாகிப் போகும். வெளியேறும் குழியை ஓலை போட்டு மூட வேண்டும்.

ஓட்டல், மண்டபச் சாப்பாடு போட்ட தொட்டியானால் சாம்பாரிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பு அப்படியே கரைசலில் வரும், உப்பை எந்த நுண்ணுயிரும் தின்பதில்லை. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, ஒரே பாத்தியில் திரும்பத் திரும்ப விடாமல் மாற்றி மாற்றி விட வேண்டும். தென்னைக்குப் பயமில்லை. நாற்றங்காலுக்கும் அவரைக்கும் வாழைக்கும் வேண்டாம். ஏற்கெனவே கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும் தோட்டத்தில் இதை எரு மேட்டில் சருகின் மேல் ஊற்றி மக்கவைத்து, மழைக்கு முன் இடுவதே நல்லது.